முழங்கால் ஆழ ஆற்றில் மீன்பிடிக்க எந்த மோட்டார் படகு வாங்கலாம்?

நாணல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடமாகக் கரையில் நின்றுதான் தூண்டில் போடுகிறேன். இந்த வருடம் எப்படியாவது ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கிவிட வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நான் போகும் ஆறு அகலமானது, ஆனால் ஆழமில்லை. தண்ணீர் குறைந்த மாதங்களில் பல இடங்களில் முழங்கால் அளவுதான் ஓடும். நடுநடுவே இரண்டு ஆள் ஆழத்துக்கு மடுக்கள் இருக்கின்றன. பெரிய கெளுத்தியும் கெண்டையும் அங்கேதான் கிடக்கின்றன. ஒரு மடுவிலிருந்து அடுத்த மடுவுக்குப் போக வேண்டுமென்றால் மணல் திட்டைத் தாண்ட வேண்டும், சில இடங்களில் கல்லும் உண்டு. பெரும்பாலும் நானும் தம்பியும் போவோம். எப்போதாவது அப்பாவும் வருவார். அவருக்கு 68 வயது. அதனால் படகு ஆடாமல் நிற்க வேண்டும்.

16 அடி ஃபைபர் படகு ஒன்று, 25 எச்பி இன்ஜினோடு விலைக்கு வந்திருக்கிறது. அடிப்பகுதி லேசான வி வடிவம். பார்க்க நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?

தூண்டில்வேந்தன்

அந்த ஃபைபர் படகை விட்டுவிடுங்கள் நண்பரே. உங்கள் ஆற்றுக்கு அலுமினியத் தட்டைப் படகுதான் சரி. ஜான் போட் என்பார்கள் அல்லவா, முன்பக்கம் சதுரமாக வெட்டினாற்போல் இருக்கும், அது. வி வடிவம் அலையைக் கிழித்துக்கொண்டு போவதற்காக உண்டானது. அலையே இல்லாத ஆற்றில் அந்த வடிவத்தால் படகு கூடுதலாக இரண்டு மூன்று அங்குலம் அமிழும், அவ்வளவுதான். கல்லில் உரசினால் ஃபைபரின் மேல்பூச்சு பெயர்ந்து உள்ளே தண்ணீர் இறங்கும். அலுமினியம் நசுங்குமே தவிர, சட்டென்று உடையாது.

வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். 1448 என்று போட்டிருந்தால் 14 அடி நீளம், அடிப்பகுதி 48 அங்குல அகலம். 1436 என்றால் அதே நீளம், 36 அங்குல அகலம். அப்பா வருவார் என்றால் 48-க்குக் கீழே போகாதீர்கள். 36-இல் ஒருவர் எழுந்து நின்று வீசினால் மற்றவர் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

நீர்க்கோடு

தூண்டில்வேந்தன் சொன்னது சரி. ஆனால் ஏன் சரி என்பதைக் கணக்கோடு சொன்னால் நாணல்கரை நாளைக்கு எந்தப் படகைப் பார்த்தாலும் தானே முடிவு செய்துகொள்ளலாம்.

படகு தன் மொத்த எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் எடை 10 கிலோ. 14 அடித் தட்டைப் படகில் முன்பக்கம் மேலே வளைந்து போவதால், தண்ணீரைத் தொடும் நீளம் சுமார் 3.7 மீட்டர் என்று வையுங்கள். 48 அங்குல அகலம் 1.2 மீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 4.4 சதுர மீட்டர். அதாவது 44 கிலோ ஏற்றினால் படகு ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 36 அங்குலப் படகில் 33 கிலோவுக்கே ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிடும்.

இப்போது எடையைக் கூட்டுவோம். படகு 100 கிலோ, இன்ஜின் 45, பெட்ரோல் டேங்க் 12, பேட்டரி 27, இரண்டு பேர் 150, தூண்டில் சாமான், நங்கூரம் எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 364. நாற்பத்து நான்கால் வகுத்தால் எட்டேகால் சென்டிமீட்டர். படகு சமமாக நின்றால் உங்கள் உள்ளங்கை அகலம்தான் அமிழும்!

ஆனால் அது சமமாக நிற்பதில்லை. இன்ஜின், டேங்க், பேட்டரி, ஓட்டுபவர் எல்லாரும் பின்பக்கம். அங்கே 12, 13 சென்டிமீட்டர் போய்விடும். அதற்கும் கீழே இன்ஜினின் கால் தொங்குகிறது. குட்டை ஷாஃப்ட் (விசிறி வரை இறங்கும் தண்டு) இன்ஜினைச் சரியாக மாட்டினால், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்கும். அந்தத் தட்டிலிருந்து அடித்துடுப்பு (விசிறிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) நுனி வரைக்கும் சிறிய இன்ஜின்களில் இன்னும் 25 முதல் 30 சென்டிமீட்டர். எல்லாம் சேர்த்தால் 35 சென்டிமீட்டருக்கு மேல். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.

எனவே நீங்கள் போகும் ஆழத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இன்ஜின்தான். முதலில் எந்த இன்ஜின், அதை எப்படி மாட்டுவது என்று யோசியுங்கள். அப்புறம் படகைப் பார்க்கலாம்.

கயல்

நீர்க்கோடு அண்ணா, இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். நான் பழைய இன்ஜின் ஒன்றை நல்ல விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கினேன். நெட்டை ஷாஃப்ட், 20 அங்குலம். என் படகில் இன்ஜினை மாட்டும் பின்பலகையோ 15 அங்குலம். விற்றவர் "ஓடும், பரவாயில்லை" என்றார். ஓடியது. ஆனால் விசிறி வேண்டியதைவிட 5 அங்குலம் கீழே தொங்கியது. எல்லாத் திட்டிலும் இடித்தேன். அடித்துடுப்பின் முனை தேய்ந்து பாதியாகிவிட்டது. கடைசியில் பின்பலகையின்மேல் உயர்த்தும் தாங்கி ஒன்றைப் பொருத்தினேன். அதன்பிறகுதான் நிம்மதி.

வாங்கப் போகும்போது கையில் டேப் கொண்டு போங்கள். பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து நேராக அடிமட்டம் வரைக்கும் அளந்து பாருங்கள். 15 என்றால் குட்டை, 20 என்றால் நெட்டை. விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

சுழிக்காற்று

ஜெட் போடுங்கள். ஆழமில்லாத ஆற்றுக்கென்றே பிறந்தது ஜெட். நியூசிலாந்தில் வில்லியம் ஹாமில்டன் 1950-களில் இதை உருவாக்கியதே, விசிறிப் படகு போக முடியாத சரளைக்கல் ஆறுகளில் மேலே ஏறிப் போகத்தான். அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். கீழே எதுவும் தொங்காது. சாதாரண அவுட்போர்டிலும் (பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின்) கீழ்க்காலைக் கழற்றிவிட்டு ஜெட் கால் மாட்டலாம். வேகம் பிடித்து நீரின் மேலே எழும்பிவிட்டால் ஒரு சாண் தண்ணீருக்கும் குறைவான இடத்தில் பறந்துவிடலாம். நான் எட்டு வருடமாக ஓட்டுகிறேன். விசிறி இன்ஜினுக்குத் திரும்பிப் போகவே மாட்டேன்.

பழையதுடுப்பு

சுழிக்காற்று சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொன்னார்.

ஜெட் கால் மாட்டினால் திறனில் சுமார் 30 சதவீதம் போய்விடும். 40 எச்பி இன்ஜின் 28 எச்பி போல்தான் இழுக்கும். அதனால்தான் கடையில் 60/40, 90/65 என்று இரண்டு எண் போட்டு விற்கிறார்கள். நம் நண்பருக்கு 20 எச்பி அளவுக்கு உண்மையான இழுவை வேண்டுமென்றால் 30 எச்பி இன்ஜினாவது வாங்க வேண்டும். எடை கூடும், பின்பக்கம் இன்னும் அமிழும். பெட்ரோலும் கூடுதல்.

அடுத்தது, ஜெட் ஆழமில்லாத இடத்தில் ஓடுவது மேலே எழும்பி வேகமாகப் போகும்போது மட்டும்தான். நின்றுவிட்டால் படகு பழையபடி அமிழ்ந்துவிடும். அங்கிருந்து மீண்டும் கிளம்ப ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் அது மணலையும் சரளையையும் உறிஞ்சும். உள்ளே சுழலும் சக்கரமும் அதைச் சுற்றியுள்ள உறையும் தேயும். இடைவெளி கொஞ்சம் கூடினாலே இழுவை குறைந்துவிடும். இலை தழை உதிரும் காலத்தில் உறிஞ்சு வாயின் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவே அடைத்தால் வேகமும் போய்விடும், திசை திருப்பவும் முடியாது. ஜெட்டில் பீய்ச்சும் தண்ணீர்தான் சுக்கான்.

அதனால் ஒன்றைக் கேட்கிறேன். நாணல்கரை, நீங்கள் போகப்போகும் தூரம் எவ்வளவு? அதில் உண்மையிலேயே முழங்கால் ஆழமும் அதற்குக் குறைவும் எத்தனை மீட்டர்?

நாணல்கரை

அளந்து பார்த்ததில்லை. சுமாராகப் பாதி இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழையதுடுப்பு

சுமார் போதாது. தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் இந்த வாரமே கரையோடு நடந்து போய்ப் பாருங்கள். ஒரு மூங்கில் கழியில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திட்டு வரும் இடத்தில் இறங்கி, ஓட்டம் எங்கே ஆழமாகப் போகிறது என்று தேடிக் குத்திப் பாருங்கள். கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஆறு முழுக்க ஆழமில்லாததாகத் தெரியும். ஆனால் எந்தத் திட்டிலும் தண்ணீர் ஏதாவது ஒரு வழியாகத்தான் வடியும், அந்த வழி மற்ற இடங்களைவிட ஆழமாக இருக்கும். வளைவு என்றால் பெரும்பாலும் வெளிப்பக்கக் கரையோரம்.

இதைச் செய்யாமல் படகு வாங்காதீர்கள்.

நண்டுவளை

வால் நீண்ட இன்ஜினை யாரும் சொல்லவில்லையே. காற்றில் குளிரும் சின்ன பெட்ரோல் இன்ஜின், ஆள் உயரத்துக்கு ஒரு ஷாஃப்ட், நுனியில் விசிறி. தாய்லாந்து ஆறுகளில் காலங்காலமாக ஓடுகிறது. திட்டு வந்தால் கைப்பிடியை அழுத்தினால் போதும், விசிறி மேலே வந்துவிடும். சேற்றிலும் பாசியிலும் இதற்கு ஈடில்லை. தண்ணீரை உறிஞ்சிக் குளிரவைக்கும் பம்ப்பே கிடையாது என்பதால் மணல் புகுந்து கெடுவதும் இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் அதிகம், காதில் அடைப்பான் இல்லாமல் ஓட்டாதீர்கள். வேகம் குறைவு. கிளட்ச் இல்லாத எளிய வகைகளில் இன்ஜின் ஓடும் வரைக்கும் விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். ரிவர்ஸ் கிடையாது. விசிறியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கும்போது பின்னால் யாராவது நின்றால் பெரிய ஆபத்து. அப்பாவை அழைத்துப் போகும் படகு என்பதால் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

கயல்

என் ஆற்றில் பாசி இல்லை, மணல்தான். அதனால் வால் இன்ஜினை நான் யோசிக்கவில்லை. நாணல்கரை ஆற்றில் பாசி உண்டா என்று சொன்னால் நல்லது.

மெல்லலை

காற்றடைக்கும் படகைப் பற்றியும் ஒரு வரி. எடை குறைவு, நன்றாக மிதக்கும், இறக்க ஏற்ற ஆள் வேண்டாம். குளத்துக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மீன் முள்ளும் கொக்கியும் கையாளும் இடம், கூடவே கூரான கல். ஆற்றுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வார்ப்பு பிளாஸ்டிக் படகு கல்லுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் அதே நீளத்தில் எடை கூடுதல்.

நீர்க்கோடு

சுரங்க அடி கொண்ட படகைப் பற்றி ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். படகின் பின்பாதியில், அடியில், நடுவே ஒரு குடைவு இருக்கும். தண்ணீர் அதற்குள் மேலேறி வருவதால் இன்ஜினை நான்கைந்து அங்குலம் உயர்த்தி மாட்டலாம். விசிறி கிட்டத்தட்டப் படகின் அடிமட்டத்துக்கு வந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் குடைவு எடுத்துக்கொள்வது பின்பக்கத்தின் மிதப்பை. எடை அதிகமாக இருப்பதும் அங்கேதான். 16, 17 அடிப் படகில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். 14 அடியில் லாபம் கையில் நிற்பதில்லை என்பது என் கருத்து.

நாணல்கரை

பழையதுடுப்பு ஐயா சொன்னபடி இரண்டு நாள் தம்பியோடு நடந்து அளந்துவிட்டேன். நினைத்ததற்கும் அளந்ததற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

படகு இறக்கும் இடத்திலிருந்து கடைசி மடு வரைக்கும் 6 கிலோமீட்டர். அதில் 35 சென்டிமீட்டருக்குக் குறைவான இடங்கள் நான்கு. நீளம் 110, 40, 60, 90 மீட்டர். ஆக, 300 மீட்டர் மட்டும்தான்! முதல் திட்டிலும் மூன்றாவது திட்டிலும் ஆழமான வாய்க்கால் ஒன்று தேடிக் கண்டுபிடித்தோம், 30 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கிறது. மற்ற இரண்டில் 15-தான். கடைசித் திட்டு கல். மற்றதெல்லாம் மணல். பாசி ஓரங்களில் மட்டும் உண்டு.

இன்னொன்று, படகு இறக்கும் இடத்தில் சரிவுப் பாதை கிடையாது. இருவர் சேர்ந்து மணலில் இழுக்க வேண்டும்.

பழையதுடுப்பு

பாருங்கள், பாதி என்று நினைத்தது இருபதில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்குக்கு ஜெட் வேண்டாம். 5700 மீட்டருக்கு 30 சதவீதத் திறனை இழந்து 300 மீட்டரைக் காப்பாற்றுவது எதற்கு? சிறிய விசிறி இன்ஜின் போடுங்கள். இரண்டு திட்டுகளை இன்ஜினைப் பாதி தூக்கி மெதுவாகத் தாண்டலாம். மற்ற இரண்டில் இன்ஜினை நிறுத்தி முழுக்கத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றியோ, இறங்கி இழுத்தோ போகலாம். இருவர் இறங்கிவிட்டால் 150 கிலோ குறைகிறது. படகு 10 சென்டிமீட்டர் தண்ணீரில்கூட மிதந்து வரும். ஜெட் வைத்திருப்பவர்களும் அடைப்பு எடுக்க இறங்கத்தான் செய்கிறார்கள்.

சுழிக்காற்று

இந்த அளவைப் பார்த்தபின் நானும் ஒத்துக்கொள்கிறேன். என் ஆற்றில் பாதிக்கு மேல் சரளை, அதனால் எனக்கு ஜெட் இல்லாமல் முடியாது. உங்களுக்கு விசிறிதான்.

ஓட்டத்தைப் படிக்கும் பழக்கம் மட்டும் இரண்டு வகைக்கும் ஒன்றுதான். மேலிருந்து கீழே போகும்போது, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும் வி வடிவ நீர்க்கோடு தெரிந்தால் அது வழி. இரண்டு பக்கமும் ஏதோ தடுக்க, நடுவே தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்து ஓடுகிறது. கூர்முனை உங்களை, அதாவது மேலோட்டத்தைப் பார்த்து இருந்தால் அங்கே அமிழ்ந்த கல் இருக்கிறது. எதிர்வெயிலில் இது தெரியாது. மங்காத நல்ல கறுப்புக் கண்ணாடி, ஒளித்தெறிப்பை வடிகட்டும் வகை, வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூண்டில்வேந்தன்

அப்போது எத்தனை எச்பி? 9.9 போதுமா?

நீர்க்கோடு

இதுதான் நிறையப் பேர் தடுமாறும் இடம்.

நீரை உழுதுகொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேகத்தைக் கட்டிப்போடுகிறது. 12 அடி நீளம் தண்ணீரைத் தொட்டால் மணிக்கு 8, 9 கிலோமீட்டர். அதற்கு மேல் முடுக்கினால் பின்பக்கம் குழிக்குள் இறங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். ஆழமில்லாத இடத்தில் அதைவிடக் கெட்ட நிலை வேறில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டி நீரின் மேலே எழும்ப வேண்டுமென்றால், மொத்த எடையில் ஒரு எச்பிக்குச் சுமார் 20 கிலோவுக்குள் இருப்பது நல்லது.

364 கிலோவுக்கு 9.9 எச்பி என்றால் ஒரு எச்பிக்கு 37 கிலோ. இருவரோடு எழும்பாது. 15 என்றால் 24 கிலோ, எல்லைக்கோடு. 20 என்றால் 18 கிலோ, எழும்பும். நான்கு ஸ்ட்ரோக் வகையில் பல நிறுவனங்கள் 15-க்கும் 20-க்கும் ஒரே உடலைத்தான் பயன்படுத்துகின்றன. எடை ஒன்றுதான், 45 முதல் 52 கிலோ வரைக்கும். அப்படி இருந்தால் 15 வாங்குவதில் எடை மிச்சம் ஏதுமில்லை.

எதிர் ஓட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால், எழும்பாத படகில் 6 கிலோமீட்டர் மேலே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழும்பும் படகில் 20 நிமிடம்கூட ஆகாது. விடியற்காலையில் மடுவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பவருக்கு இது பெரிய வேறுபாடு.

ஆனால் படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 20 அடிக்கும் குறைவான படகுகளுக்கு அந்தத் தகடு கட்டாயம். எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை எச்பி என்று அதில் இருக்கும். தகடு இல்லாத பழைய படகு என்றால், நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கிப் பதினைந்தால் வகுங்கள். 14 அடிக்கு 5 அடி என்றால் 4 பேர். அதுவும் அமைதியான தண்ணீருக்கு. ஓடும் ஆற்றில், மீன்பிடி சாமானோடு, மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

கெண்டைக்கால்

பழைய அலுமினியப் படகு பார்க்கப் போகிறீர்கள் என்றால் மூன்றைப் பாருங்கள். மற்ற கீறல், பள்ளம் எல்லாம் விலையைக் குறைக்க உதவும், அவ்வளவுதான்.

தறையாணி அடித்த படகில், உள்ளே ஒரு நான்கு விரற்கடைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு ஆணியில் துளிர்த்தால் அடித்து இறுக்கிப் பூச்சுப் போட்டுக்கொள்ளலாம். வரிசையாகக் கசிந்தால் அடித்தகடே அசைந்து அசைந்து துளை பெரிதாகியிருக்கிறது. விட்டுவிடுங்கள். பற்றவைத்த படகில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மடிப்பு ஓரங்களில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பின்பலகை. அலுமினியத் தகட்டுக்கு உள்ளே பெரும்பாலும் மரம்தான் இருக்கும். சுத்தியல் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று வர வேண்டும். பொத்தென்று வந்தால் மரம் ஊறி உளுத்துவிட்டது. இன்ஜின் மாட்டியிருந்தால் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் வேண்டாம்.

மூன்றாவது, யாராவது உள்ளே பலகைத்தளம் போட்டிருந்தால் அது எந்த மரம் என்று கேளுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் தகடு பொடிப்பொடியாக அரித்துப்போகும். மேலே பார்க்கப் புதுத்தளம் பளபளப்பாக இருக்கும். கீழே ஊசித்துளைகள். என் மாமா படகு அப்படித்தான் போனது. நாங்கள் தளத்தைக் கழற்றியபோது அடியில் வெளிச்சம் தெரிந்தது.

கயல்

கெண்டைக்கால் சொன்ன மூன்றாவது விஷயம் எனக்குப் புதிது. நன்றி. நாளைக்கே என் தளத்தைத் தூக்கிப் பார்க்கிறேன்.

மெல்லலை

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியப் படகில் ஒரு ஈயக்குண்டு விழுந்தால் மடு முழுக்கக் கேட்கும். காலடியில் ரப்பர் நுரைப் பாய் விரித்துக்கொள்ளுங்கள். மடுவுக்கு நூறு மீட்டர் முன்பே பெட்ரோல் இன்ஜினை நிறுத்திவிட்டு, முன்பக்கம் ஒரு மின்மோட்டாரால் மெல்ல நகர்ந்து போனால் கிடைக்கும் மீனே வேறு. 12 வோல்ட் மோட்டார் 55 பவுண்டு உந்துவிசை போதும். கைப்பிடியை உயர்த்தி விசிறியை நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் திட்டு ஓரத்திலும் உதவும்.

முழு வேகத்தில் அது 50 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் நம்பிப் பயன்படுத்தலாம் என்பதால் முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான். மெதுவாக ஓட்டினால் பல மணி நேரம் வரும். முடிந்தால் லித்தியம் பேட்டரி வாங்குங்கள். ஈயம் 27 கிலோ என்றால் அது 12 கிலோதான். ஆழமில்லாத ஆற்றில் அந்த 15 கிலோவைக் குறைப்பது வீணில்லை. அதை முன்பக்கம் வைத்தால் பின்பக்க அமிழ்ச்சியும் கொஞ்சம் குறையும்.

பழையதுடுப்பு

அப்பா வருவார் என்றீர்கள், அதற்காக இதைச் சொல்கிறேன். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

ஓடும் ஆற்றில் பின்பக்கமிருந்து நங்கூரம் போடாதீர்கள். ஒருமுறைகூட வேண்டாம். பின்பலகைதான் படகின் தாழ்ந்த பக்கம், அங்கேதான் எடையும் இருக்கிறது. ஓட்டம் கயிற்றை இழுக்க இழுக்கப் பின்பக்கம் கீழே போகும், தண்ணீர் பலகைக்கு மேலே ஏறும். ஏறத் தொடங்கினால் படகு நிறைய அதிக நேரமாகாது. முன்பக்கமிருந்து மட்டும் போடுங்கள், கயிற்றை நீளமாக விடுங்கள். அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஜினை அணைக்கும் சுருள் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ மாட்டாமல் கிளம்பாதீர்கள். திட்டில் விசிறி இடித்தால் படகு சட்டென்று நிற்கும், ஓட்டுபவர் முன்னால் விழுவார். மிதவை உடுப்பைப் போட்டுக்கொண்டே இருங்கள். முழங்கால் ஆழம்தானே என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. அந்த முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில்தான் இரண்டு ஆள் மடு இருக்கிறது.

இன்ஜினைப் பூட்டும் கொக்கியையும் சொல்ல வேண்டும். முன்னோக்கிப் போகும்போது அது திறந்தே இருக்கட்டும், இடித்தால் கால் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். ரிவர்ஸில் மட்டும் பூட்டுங்கள்.

நாணல்கரை

நண்பர்களே, எட்டு வாரம் கழித்து வருகிறேன். படகு வாங்கிவிட்டேன்.

16 அடி ஃபைபரை விட்டுவிட்டேன். தறையாணி அடித்த அலுமினியத் தட்டைப் படகு, 14 அடி, 48 அங்குலம். இரண்டு ஆணியில் கசிவு இருந்தது, கெண்டைக்கால் சொன்னபடி சரிசெய்துவிட்டோம். பின்பலகை கணீரென்று ஒலித்தது. தகட்டில் உச்ச அளவு 25 எச்பி. 20 எச்பி நான்கு ஸ்ட்ரோக், குட்டை ஷாஃப்ட், டேப் வைத்து அளந்தபின்தான் பணம் கொடுத்தேன். முன்பக்கம் மின்மோட்டார், லித்தியம் பேட்டரி.

பின்பக்க வெளிச்சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்டு வைத்தேன். முதல் நாள் இருவர் ஏறியபோது 14 காட்டியது. பெட்ரோல் டேங்கை நடு இருக்கைக்கு அடியில் தள்ளினேன். கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் போட்டு நானும் ஒன்றரை அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். இப்போது 11. எதையும் புதிதாக வாங்காமல் இடம் மாற்றியதிலேயே மூன்று சென்டிமீட்டர் கிடைத்தது!

முதல் திட்டும் மூன்றாவது திட்டும் இன்ஜினைப் பாதி தூக்கி நடையின் வேகத்தில் தாண்டுகிறோம். இரண்டாவதில் கழி. கடைசிக் கல் திட்டில் இறங்கி இழுத்தோம், ஐந்து நிமிடம். போன ஞாயிறு அப்பாவும் வந்தார். கடைசி மடுவில் முன்பக்கம் நங்கூரம் போட்டு நின்றோம். அவர் நின்றுகொண்டே வீசினார், படகு அசையவில்லை. நான் பத்து வயதில் பார்த்த அதே கைவீச்சு. ஒரு கெளுத்தி எடுத்தார், முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருக்கும். நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஒரு சந்தேகம். திரும்பி வரும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து பீய்ச்சும் சின்ன நீர்த்தாரை மெலிந்து நின்றுவிட்டது. உடனே அணைத்துவிட்டு மின்மோட்டாரிலேயே வந்துவிட்டோம். பம்ப் போய்விட்டதா?

கயல்

உடனே அணைத்தது நல்லதாயிற்று. பெரும்பாலும் மணல்தான் அடைத்திருக்கும். தாரை வரும் துளையில் தடித்த நைலான் தூண்டில் நரம்பை மெல்லச் செலுத்தி எடுங்கள். கம்பி வேண்டாம். அப்புறம் காலைத் தண்ணீர் நிறைந்த ட்ரம்மில் முக்கி ஓடவிட்டுப் பாருங்கள். தாரை பழையபடி வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்திருக்கும். மணல் ஆற்றில் ஓட்டுபவர்கள் வருடம் ஒருமுறை அதை மாற்றிவிடுவதே நல்லது. விலை அதிகமில்லை, ஒரு மணி நேர வேலை.

பழையதுடுப்பு

திட்டு தாண்டும்போது இன்ஜினைப் பாதி தூக்குகிறீர்கள் அல்லவா, அப்போது தண்ணீர் உறிஞ்சும் வாய் நீர்ப்பரப்புக்கு மேலே வந்துவிடாமல் பாருங்கள். நீர்த்தாரை வந்துகொண்டே இருந்தால் சரி. அடுத்த முறை அந்த இரண்டு திட்டுகளிலும் தம்பியை முன்பக்கம் உட்காரச் சொல்லுங்கள், விசிறி இன்னும் கொஞ்சம் மேலே வரும், மணலும் குறைவாக ஏறும். அந்த ட்ரம் சோதனை முடிந்ததும் தாரை எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

நாணல்கரை

நரம்பு விட்டு எடுத்ததும் ஒரு தேக்கரண்டி மணல் வந்தது. ட்ரம்மில் தாரை பென்சில் தடிமனுக்கு வருகிறது. ரப்பர் சக்கரம் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். மிகவும் நன்றி, கயல், ஐயா. சனிக்கிழமை விடியலில் மறுபடி கிளம்புகிறோம், அப்பா இப்போதே தூண்டிலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.